புதுப்பிப்பு: சிறு மானியத்தில் தையல் கடை

மாற்றுத்திறனாளிகள் தையல் கடை போட மோட்டார் மெஷின் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். போதாது. பெரும்பாலான மெஷின்களில் மோட்டாரின் வேகத்தையும் காலால்தான் மிதித்துக் கட்டுப்படுத்த வேண்டும். போலியோவால் இரு காலும் வலுவிழந்தவருக்கு அது பயன்படாது. அந்த மிதிகட்டையை மேசை விளிம்பில் மரச்சட்டத்தோடு இறுக்கிவிட்டால் முழங்கையால் அழுத்தலாம், துணி பிடிக்க இரண்டு கையும் மிஞ்சும். அடியில் ரப்பர் ஒட்டுங்கள். கட்டை நகர்ந்தால் தையல் கோணிப்போகும்.

வாசல்படி 6 அங்குலம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 3 அடியில் முடித்தால் ஏறும்போது சக்கர நாற்காலி பின்னால் சாயக்கூடும். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

மானியப் பணம் முழுவதையும் மெஷினில் போடாதீர்கள். நூல், லைனிங், ஹூக் வாங்கக் கொஞ்சம் ஒதுக்குங்கள். யூடிஐடி அட்டையிலும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) வங்கிக் கணக்கிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கட்டும்.