இடைவெளிக்குப் பிறகு படிக்க வருகிறவர்கள்: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

ஹால்_சூப்பர்வைசர்

டிசம்பர் தேர்வு நெருங்குகிறது, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன முறை தொலைநிலைக் கல்வித் தேர்வு அறையில் பார்த்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வினாத்தாளைப் புரட்டியதுமே முகம் மலர்ந்துவிட்டது. படித்ததெல்லாம் வந்திருக்கிறது என்று தெரிந்தது. முதல் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினார். ஒரு மணி நேரம் ஆகும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். விடைத்தாளை வாங்கும்போது பார்த்தால் ஐந்தாவது விடைக்கு எண்ணும் தலைப்பும் மட்டும்தான் இருந்தது. எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு நேர்த்தியாகப் போட்டிருந்தார்.

அவருக்குப் பாடம் தெரியும். கைதான் ஒத்துழைக்கவில்லை. கல்லூரியை விட்டு வந்த பிறகு பலர் எழுதுவது கையெழுத்தும் வங்கிச் செலானும்தான், மற்றதெல்லாம் போனில் தட்டுவது. 3 மணி நேரம், 100 மதிப்பெண், 5 கேள்வி என்கிற தாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். 180 நிமிடத்தில் வினாத்தாள் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 10 போனால் மிச்சம் 160. ஒரு கேள்விக்கு 32 நிமிடம். அதில் நிதானமான கைக்கு மூன்று, மூன்றரைப் பக்கம் வரும். முதல் கேள்விக்கே ஆறு பக்கம் எழுதினால் கிட்டத்தட்ட இரண்டு கேள்விக்கான நேரம் போயிற்று என்று அர்த்தம்.

எட்டு வாரம் முன்னால் தொடங்கினால் போதும். முதல் இரண்டு வாரம் ஒரு பழைய கேள்வியை எடுத்து, அலாரம் வைத்து, 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் 20, 25, 30. ஐந்தாவது வாரம் வரை இப்படியே. ஆறாவது வாரத்தில் இரண்டு விடை அடுத்தடுத்து, ஏழாவதில் மூன்று, எட்டாவதில் ஒரு முழுத் தாள். வாரத்துக்கு மூன்று நாள் எழுதினால் கை பழகிவிடும். பலர் செய்வது தலைகீழ்: கடைசி வாரத்தில் திடீரென்று மூன்று மணி நேரம் எழுதி, கட்டைவிரல் அடிப்பகுதி வீங்கி, அந்த வலியோடு ஹாலுக்கு வருகிறார்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று நாள் நீளமாக எழுதவே வேண்டாம்.

திருத்துமேசை

மேலே சொன்னது சரிதான். ஆனால் கை பழகத்தானே அசைன்மென்ட் இருக்கிறது? அதைத்தான் யாரும் செய்வதில்லை.

இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பெரும்பாலான படிப்புகளுக்கு அசைன்மென்ட் 30, தேர்வு 70 என்ற விகிதம். சொந்தக் கையெழுத்தில்தான் எழுத வேண்டும். அப்படி எழுதிவந்த ஒரு அசைன்மென்ட்டில், நான்காவது விடை முடிந்த இடத்தில், அழகான கையெழுத்தில் "மற்ற பாடங்களின் விடைகளுக்கு இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யவும்" என்று இருந்தது. எண்ணையும் பத்து இலக்கம் சரியாக எழுதியிருந்தார். விற்கிற பி.டி.எஃப்.பைப் பார்த்துப் பார்த்து எழுதினால் மூளை எங்கே இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரே கடைச் சரக்கு பத்துப் பேரிடமிருந்து வரும்போது ஒரே எழுத்துப் பிழை பத்துத் தாளிலும் வரும். திருத்துகிறவர் கண்ணில் படாமல் போகாது. மதிப்பெண் போவதைவிடப் பெரிய நஷ்டம், எழுதிய 20 பக்கத்தில் ஒரு வரிகூட தேர்வுக்கு உதவாது.

செய்ய வேண்டியது இது. கேள்வியைப் படியுங்கள், அதற்குரிய யூனிட்டை, அதாவது பாட அலகைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள். ஒரு துண்டுத் தாளில் நினைவிலிருந்து ஐந்தாறு குறிப்பு எழுதுங்கள். விட்டுப்போனதைத் திறந்து பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி மூடிவிட்டு, குறிப்பை மட்டும் வைத்து விடையை எழுதுங்கள். 500 சொல் விடை என்றால் தொடக்கம் 50, நான்கு கருத்து தலா 100, முடிப்பு 50. அந்தத் துண்டுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேர்வுக்கு முதல் நாள் புரட்ட அதுதான் இருக்கும்.

நெல்லைச்சீமை

@திருத்துமேசை ஐயா, வாங்கி எழுதுகிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் இல்லை. பலருக்கு 500 சொல்லில் ஒரு விடை எப்படி இருக்கும் என்றே தெரியாது. கடைசியாக எழுதியது பிளஸ் டூவில் ஐந்து மதிப்பெண் விடை. மாதிரி ஒன்றுகூடக் கையில் இல்லாதவர் கடையில்தான் போய் நிற்பார்.

திருத்துமேசை

மாதிரி பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் எண்ணையாவது விட்டுவிடுங்கள்.

டெல்டா_கவுன்சலர்

படிப்பு மையத்தில் சந்தேகம் கேட்க வந்த ஒருவர், தமிழ் வழியில் பி.ஏ. முடித்து இருபது ஆண்டு கழித்து ஆங்கில வழியில் எம்.ஏ. படிக்கிறவர். கொண்டுவந்த பிளாக் புத்தகத்தை (சில யூனிட் சேர்ந்த பாடப் புத்தகம்) திறந்தால் முதல் யூனிட்டில் ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம். "தி" என்பதற்கு மட்டும்தான் எழுதவில்லை. பதினான்காம் பக்கத்தில் பாதியில் பென்சில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு புத்தகம் முழுக்க வெள்ளை வெளேரென்று கடையில் வாங்கிய மாதிரி. பதினான்கு பக்கத்துக்கு அவர் பட்ட பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் அவரிடம் உழைப்பு இல்லை என்று யாருமே சொல்ல முடியாது.

சொல் சொல்லாக அர்த்தம் பார்த்தால் பத்தியின் பொருள் கைக்கு வராது. ஒரு பத்திக்கு மூன்று சொல்லுக்கு மேல் அகராதி பார்க்காதீர்கள். பத்தியைப் படித்து முடித்துவிட்டு, எந்தச் சொல் தெரியாமல் பொருள் அறுந்து போகிறதோ அதை மட்டும் பாருங்கள். பிறகு ஓரத்தில் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே வரி. துறைச்சொற்கள் ஒரு பாடத்துக்கு நூறு, நூற்றைம்பது இருக்கும். அவை திரும்பத் திரும்ப வருபவை, அவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். இரண்டாவது பிளாக் வரும்போது வேகம் தானாகக் கூடும்.

இன்னொன்று. இக்னோ பாடப் புத்தகத்தில் யூனிட்டுக்கு நடுவே "செக் யுவர் ப்ராக்ரஸ்" என்று கேள்விகளும் கோடு போட்ட வெற்றிடமும் இருக்கும். கடைசியில் விடைக்குறிப்பும் உண்டு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது! மஞ்சள் மார்க்கர் மட்டும் பக்கம் பக்கமாக ஓடியிருக்கும். மார்க்கர் அடித்தால் படித்துவிட்ட திருப்தி வரும், அவ்வளவுதான்.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதற்குத்தான் பொருந்தும். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. அந்த வெற்றிடத்தைப் பென்சிலால் நிரப்புங்கள். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று மூன்று முறை அதே கேள்விகளுக்குத் திரும்ப வாருங்கள். ஒவ்வொரு முறையும் தவறியதற்கு மட்டும் பக்கத்தில் புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த கேள்வி உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதது.

ராத்திரி_வார்டு

படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. வாரம் மூன்று நாள், மறுநாள், ஒரு மாதம்... நேரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? எங்கள் நர்ஸிங் ஹாஸ்டல் அலமாரிக் கதவில் ஒரு தங்கை அட்டவணை ஒட்டியிருந்தாள். "தினமும் காலை 5–7 படிப்பு." ஐந்து நிற ஸ்கெட்ச் பேனா. அவளுக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ட்யூட்டி. காலை ஐந்து மணிக்கு அவள் வார்டில் பி.பி. பார்த்துக்கொண்டிருப்பாள்! இரண்டாவது வாரமே அட்டவணை மேல் டிக் போடுவது நின்றது. "எனக்குப் படிப்பு வராதுக்கா" என்று ஆரம்பித்துவிட்டாள். வராதது படிப்பா, அட்டவணையா?

ஷிஃப்ட் வேலைக்காரர்கள் மணியை வைத்து அட்டவணை போடாதீர்கள், வேலையை வைத்துப் போடுங்கள். "ட்யூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு முதல் 40 நிமிடம்" என்று எழுதினால் பகல், இரவு எந்த ஷிஃப்டுக்கும் பொருந்தும். இரவு ட்யூட்டி முடிந்து வந்ததும் தூங்காமல் புத்தகத்தைத் திறப்பது வீண். ஒரே பத்தியை நான்கு தடவை படிப்பீர்கள். தூக்கத்தில்தான் படித்தது மனதில் படிகிறது, அதைத் திருடிப் படித்தால் இரண்டும் போச்சு. விடியற்காலை 3 முதல் 5 வரை புதுப் பாடம் ஏறவே ஏறாது. அந்த நேரத்தில் தலைப்பு எழுதுவது, அசைன்மென்ட் முதல் பக்கம் நிரப்புவது, பழைய வினாத்தாள் பிரிண்ட் எடுத்து அடுக்குவது மாதிரி கை வேலை செய்யலாம்.

இன்னொரு கணக்கு, சேர்க்கையின்போது ஒருவரும் சொல்லாதது. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் பாடம் என்றால் 180 மணி. தேர்வுக்கு 24 வாரம் இருந்தால் ஒரு பாடத்துக்கே வாரம் ஏழரை மணி. நான்கு பாடம் ஒன்றாக எடுத்தால் வாரம் 30 மணி. முழு நேர வேலை, வீடு, குழந்தை உள்ளவர்களுக்கு இது நடக்காத காரியம். ஆனால் எல்லாத் தாளையும் ஒரே தேர்வில் எழுத வேண்டிய கட்டாயம் கிடையாது. ஜூனில் இரண்டு, டிசம்பரில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட எம்.ஏ.வுக்கு நான்கு வருடம், மூன்று வருட பி.ஏ.வுக்கு ஆறு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. எழுதாமல் தள்ளுவது தோல்வி இல்லை, நான்கையும் அரைகுறையாக எழுதி நான்கிலும் கோட்டை விடுவதுதான் தோல்வி.

ஹால்_சூப்பர்வைசர்

@ராத்திரி_வார்டு அக்கா, நான் சொன்னது தொடக்கத்தில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம். கணக்குப் போட்டால் அப்போது வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான், பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். சண்டைக்கு வரவில்லை.

கணக்குப்பிள்ளை

எம்.ஏ. உளவியலில் சேர்ந்த ஒருவர். புள்ளியியலில் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போட்டால் விடை 0 வரும், இல்லை ரூட்டுக்குள் மைனஸ் வரும். சூத்திரம் தப்பு என்று நினைத்து இரண்டு கைடு வாங்கிவிட்டார். நோட்டைக் காட்டினார்: 4, 7, 10. சராசரி 7. விலக்கம் –3, 0, 3. எல்லாம் சரி. வர்க்கம் என்ற இடத்தில் –9, 0, 9. கூட்டினால் 0.

கால்குலேட்டரைக் கையில் கொடுத்துப் போடச் சொன்னால் விஷயம் தெரிந்துவிட்டது. மைனஸ், 3, வர்க்கப் பொத்தான் என்று தட்டுகிறார். சயின்டிஃபிக் கால்குலேட்டர் முதலில் 3-ஐ வர்க்கமாக்கிவிட்டுப் பிறகு மைனஸ் போடும், –9 காட்டும். அடைப்புக்குறிக்குள் –3 போட்டு வர்க்கம் கொடுத்தால்தான் 9. மொத்தம் 18, மூன்றால் வகுத்தால் 6, ரூட் 2.45. மனிதர் கால்குலேட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கில் தடுக்கினால் கைடு வாங்காதீர்கள், கீழே இறங்குங்கள். தமிழ்நாடு பாடநூல் பி.டி.எஃப். இணையத்தில் இலவசம். ஏழாம் வகுப்பில் முழுக்கள் (பிளஸ், மைனஸ் எண்கள்), ஒன்பதில் சராசரி, இடைநிலை, முகடு, பத்தில் திட்ட விலக்கம். மேலிருந்து ஒவ்வொரு வகுப்பாக இறங்கி, பயிற்சியில் ஐந்து கணக்குத் தவறில்லாமல் வரும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து ஏறுங்கள். முப்பது வருடம் கழித்து வருகிறவருக்கும் இரண்டு, மூன்று வாரம் போதும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் முன்னால் விரிக்க வெட்கமாக இருந்தால் பிரிண்ட் எடுத்து அட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் தப்பில்லை.

மைக்கூடு

முதல் பதிவில் கை வலி பற்றி வந்தது. பேனாவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும்.

என் முன்பெஞ்சில் எழுதியவர் தேர்வு அன்று காலைதான் வாசலில் புதுப் பேனா வாங்கினார். முக்கால் மணி நேரத்தில் விரல் நகம் வெளுக்குமளவு அழுத்திக்கொண்டிருந்தார், அதுதான் நினைவில் நிற்கிறது. பால்பாயின்ட் என்றால் அழுத்தித்தான் எழுத வேண்டியிருக்கும், அழுத்தம்தான் வலிக்குப் பாதிக் காரணம். ஜெல் பேனா லேசாக ஓடும், ஆனால் விடைத்தாள் மெல்லியதாக இருந்தால் மறுபக்கம் தெரியும், இடக்கையர்களுக்கு உள்ளங்கையில் இழுபடும். எந்த வகையானாலும் உடம்பு கொஞ்சம் தடிமனாக, பிடிக்கும் இடத்தில் ரப்பர் உள்ளதாகப் பாருங்கள். ஒல்லிப் பேனாவை விரல் இறுக்கிப் பிடிக்கும். ஒரே மாதிரி மூன்று வாங்கி, பயிற்சி விடைகளை அதிலேயே எழுதுங்கள். ஒரு வாரமாவது ஓடிய இரண்டை ஹாலுக்குக் கொண்டுபோங்கள், புதியதை வீட்டிலேயே விடுங்கள். ஒரு விடை முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு, விரல்களை அகல விரித்துப் பத்து எண்ணுங்கள். ஐந்து விடைக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. நுனியிலிருந்து விரற்கடை தள்ளிப் பிடித்தால் எழுத்து முதல் இரண்டு நாள் கோணும், பிறகு சரியாகிவிடும்.

நெல்லைச்சீமை

இடக்கையர்களுக்கு எந்தப் பேனா என்று அதையும் சொல்லிவிடுங்களேன் மைக்கூடு அண்ணாச்சி. வீட்டில் ஒருவர் ஜூன் தேர்வுக்குத் தயாராகிறார்.

மைக்கூடு

பால்பாயின்ட்தான், மை சீக்கிரம் காயும். தாளை வலப்பக்கம் சாய்த்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி வைத்து எழுதச் சொல்லுங்கள். மேலே கொக்கி மாதிரி வளைத்து எழுதினால் மணிக்கட்டு அரை மணி நேரம் தாங்காது.