பொருள்: ‘சுருள் பிளத்தல்’ வேண்டாம், ‘சுருள் ஒதுக்கல்’ என்று வைக்கலாமா?

(சுங்கை சிப்புட், கிட்டார் பழுதுபார்ப்பவர்)

ஐயா, வணக்கம்.

கிட்டாரில் காயில் ஸ்ப்லிட்டிங் என்பதற்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘சுருள் பிளத்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பிளப்பது விறகை, இங்கே எதையும் வெட்டுவதில்லை. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் கருவி. அதில் ஹம்பக்கர் என்ற வகையில் இரண்டு கம்பிச்சுருள்கள். காந்த முனைகளும் எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். அதனால் தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்றையொன்று அழிக்கும். கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த ஏற்பாட்டுக்குத்தான். இரு சுருள்களும் சந்திக்கும் இணைப்பை ஒரு சுவிட்ச் வழியாகத் தரையில் (கிரவுண்டில்) சேர்த்தால், ஒரு சுருளின் இரண்டு முனையும் தரைக்குப் போய்விடும். அது ஊமை. மற்றது மட்டும் பாடும். அவ்வளவுதான் வேலை.

‘பிளத்தல்’ என்று படித்துவிட்டு ஒரு பிள்ளை பிக்கப்பின் நாடாவைப் பிரித்தால், உள்ளே இருப்பது 42 கேஜ் கம்பி, 0.063 மில்லிமீட்டர். நகம் பட்டாலே அறும். ஆகவே என் பரிந்துரை ‘சுருள் ஒதுக்கல்’. சுவிட்சுக்கு ‘ஒதுக்குவிசை’.

(ஈப்போ, தமிழாசிரியர்)

தம்பி, ‘பிளத்தல்’ தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘இணைபிரிப்பு’ இன்னும் அழகாக இல்லையா? ‘இணைபிரியா’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே. இன்னொன்று: சிலர் இதையே ‘காயில் டேப்’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா? வேலை நடக்கும் விதத்தையும் எழுதுங்கள். சொல் அதில் நிற்குமா என்று பார்ப்போம்.

(சுங்கை சிப்புட்)

ஐயா, ‘இணைபிரிப்பு’ காதுக்கு இனிமைதான். சிக்கல் வேறு இடத்தில். ஹம்பக்கரின் இரு சுருள்களைப் பக்க இணைப்பிலும் (பேரலல்) போடலாம். அதில் முனகலும் வராது. பக்க இணைப்பு என்று ஒன்று இருக்கும்போது ‘இணை’ என்று தொடங்கும் சொல் பையனைத் தவறான வரைபடத்துக்கு இழுத்துவிடும்.

டேப் வேறு பொருள். ஒரே சுருளைச் சுற்றிக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு கம்பியை வெளியே எடுப்பது. அதற்கு ‘இடையெடுப்பு’ என்று தனிச்சொல் வேண்டும். கடையில் டேப் என்று கேட்டு வாங்கிவிட்டு, வீட்டில் ஒதுக்கப் பார்த்தால் அந்தப் பிக்கப்பில் இரண்டாவது சுருளே இருக்காது.

வேலை இது. நாலு கம்பியும் ஒரு வெறுங்கம்பியும் உள்ள ஹம்பக்கர் வேண்டும். ஒற்றைக் கம்பியும் பின்னல் உறையும் உள்ள பழைய வகையை, உள்ளே திறக்காமல் ஒதுக்க முடியாது. சீமோர் டங்கன் நிறுவனத்துப் பிக்கப்பில் கறுப்பு சிக்னல், பச்சை தரை, சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தது நடு இணைப்பு. டிமார்சியோ நிறுவனத்ததில் சிவப்பு சிக்னல், பச்சை தரை, கறுப்பும் வெள்ளையும் நடு இணைப்பு. வெறுங்கம்பி எப்போதும் தரைக்கே.

500 கிலோ ஓம் இழுப்புக் குமிழ் (சுவிட்சும் சேர்ந்த புஷ்-புல் பாட்) வாங்குங்கள். அதன் அடியில் ஆறு கால்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒரு வரிசையின் நடுக்காலில் நடு இணைப்பைப் பற்றவையுங்கள். குமிழை இழுத்தால் நடுக்காலோடு சேரும் கால் எது என்பதை மல்டிமீட்டரின் பீப் ஒலியில் கண்டுபிடித்து அதைத் தரையில் சேருங்கள். குமிழுக்குக் குமிழ் இது மாறும், ஊகிக்கவே கூடாது. மூன்றாவது கால் சும்மா இருக்கட்டும். இரும்பை நீண்ட நேரம் வைத்தால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிக் கால் ஆடும். கம்பிக்கும் காலுக்கும் முன்னதாகவே தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, இரண்டு மூன்று நொடியில் முடித்துவிடுங்கள்.

இரண்டு ஹம்பக்கர் இருந்தால் இன்னொரு வரிசை கழுத்துப் பிக்கப்புக்கு (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது; பாலத்துப் பக்கம் இருப்பது பாலப் பிக்கப்). இங்கே ஒரு நுணுக்கம், இதை யாரும் விட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒரே நிறுவனத்துப் பிக்கப்பாக இருந்தால், பாலப் பிக்கப்பின் நடு இணைப்பைத் தரைக்கும், கழுத்துப் பிக்கப்பின் நடு இணைப்பை அதன் சொந்த சிக்னல் கம்பிக்கும் அனுப்புங்கள். எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் தேர்வுவிசைக்கு முன்னாலேயே அது சேர வேண்டும். அப்போது ஒன்றில் வட முனைச் சுருளும் மற்றதில் தென் முனைச் சுருளும் பாடும். தேர்வுவிசை நடுவில் நிற்கும்போது முனகல் மறுபடி அழியும். கோயில் மண்டபத்தில் சோக் வைத்த டியூப் விளக்குக்குக் கீழே வாசிப்பவர்களுக்கு இது பெரிய காரியம்.

சோதனை: கேபிளைச் செருகி, ஒலியளவை முழுதும் திறந்து மறுமுனையில் ஓம் பாருங்கள். 8 கிலோ ஓம் ஹம்பக்கர் ஒதுக்கியதும் 4 கிலோ ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். சுழி காட்டினால் சிக்னலே தரைக்குப் போகிறது. ஒதுக்கும்போது நன்றாகவும், ஒதுக்காதபோது ஒலி மெலிந்து முனகல் கூடியும் இருந்தால், ஒரு சுருள் தலைகீழாக இணைந்திருக்கிறது. டங்கன் நிறப்பட்டியலை டிமார்சியோவுக்குப் போட்டால் சரியாக இதுதான் நடக்கும். எந்தச் சுருள் பாடுகிறது என்றறிய, ஆம்ப்ளிஃபயரை மெதுவாக வைத்து இரு சுருள்களின் காந்த முனைகளையும் ஸ்க்ரூட்ரைவரால் தட்டுங்கள். உயிரோடு இருப்பது ‘டொக்’ என்று பலமாகச் சொல்லும்.

ஒதுக்கிய ஒலி மிகவும் மெலிந்து போனால், சுவிட்சிலிருந்து தரைக்குப் போகும் கம்பியில் தொடராக 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று. மேலே சொன்ன பிக்கப் அப்போது சுமார் 5.4 கிலோ ஓம் காட்டும். இரண்டாம் சுருள் முழுதும் ஊமையாவதில்லை. இதற்கு ‘அரை ஒதுக்கல்’ என்று இயல்பாகவே சொல் கிடைக்கிறது பாருங்கள். ‘அரை இணைபிரிப்பு’ என்று சொல்ல நா எழாது.

(ஈப்போ)

சரி தம்பி. ‘ஒதுக்கு, ஒதுக்கிய, ஒதுக்காத’ என்று எல்லா வடிவிலும் வருகிறது, உங்கள் சோதனைப் பத்தியே சான்று. பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: சுருள் ஒதுக்கல், அரை ஒதுக்கல், ஒதுக்குவிசை, டேப்புக்கு இடையெடுப்பு. ஹம்பக்கரை இப்போதைக்கு ஹம்பக்கர் என்றே விடுகிறேன். ‘முரலடக்கி’ என்று ஒன்று மனத்தில் இருக்கிறது. வண்டு முரலும் என்பதிலிருந்து. அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.