படர்தாமரைக்கு மாத்திரை சாப்பிட்டவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க, எங்க வீட்ல நடந்தத நான் சொல்றேன்

ஆம்பூர் அக்கா:
எங்க வீட்டுக்காரர் தோல் ஷாப்புல ஈர வேலை பாக்கறாரு, காலைல கம்பூட் மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுவாரு. அக்னி நட்சத்திரத்துல தொடை இடுக்குல காசு அளவுக்கு ஆரம்பிச்ச படை ரெண்டே மாசத்துல இடுப்ப சுத்திக்கிச்சி, ராத்திரி முழுக்க சொறிஞ்சிக்கினே இருப்பாரு, லுங்கியெல்லாம் ரத்தக்கறை. டாக்டர் இட்ராகோனசோல் 100 மி.கி கேப்சூல் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஒரு மாசத்துக்கு எழுதினாரு, சாப்பாட்டோட போடணும்னும் சொன்னாராம், அத இவரு காதுல வாங்கல. விடிகாலை அஞ்சரைக்கு வெறும் டீய குடிச்சிட்டு கேப்சூல முழுங்கிட்டு ஓடுவாரு, கூடவே ஒரு கேஸ் மாத்திரை, அது பான்டோபிரசோல், யாரும் எழுதிக் குடுக்காம அவரா வாங்கி 3 வருஷமா போடறது.

ஒரு மாசம் ஆச்சு, ஒரு பொட்டு கூட ஆறல. மாத்திரையே டூப்ளிகேட்டுன்னு சண்டைக்குப் போறேன்னு நின்னாரு. அப்புறம் வேற ஒரு டாக்டரம்மா கிட்ட இட்டுக்கினு போனேன், அவங்க படைய பாக்கறதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வியே "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, இத எப்போ போடறீங்க"ன்னுதான். அந்த கேப்சூல் கரையறதுக்கு வயித்துல அமிலமும் வேணும் சாப்பாடும் வேணுமாம், கேஸ் மாத்திரை அமிலத்தையே நிறுத்திடுது, அப்போ மருந்து உடம்புல ஏறாமலே வெளிய போயிடுது. ஒரு மாசக் காசு, ஒரு மாச தூக்கம், எல்லாம் அப்படியே போச்சு. கேஸ் மாத்திரைய நிறுத்தச் சொல்லி, வயிறு நெறைய சாப்பிட்ட உடனே போடுங்கன்னாங்க. அதே கேப்சூல்தான், மூணாவது வாரம் ஓரமெல்லாம் காஞ்சி வர ஆரம்பிச்சது.

ஆனா இன்னொன்னு நடந்தது. மருந்து சரியா ஏற ஆரம்பிச்ச அப்புறம் கால் வீங்கிடுச்சி, விரல வெச்சி அமுக்கினா குழி விழுது. அவரு அம்லோடிபின்னு பிபி மாத்திரை சாப்பிடறாரு, அத நாங்க சொல்லவே இல்ல, தோல் டாக்டருக்கு பிபி மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டோம். இந்த கேப்சூல் அந்த மாத்திரையோட அளவ ரத்தத்துல ஏத்திடுமாம். அதோட இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு இட்ராகோனசோலே ஆகாதுன்னு சொல்லி மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா, படுத்தா மூச்சு முட்டுதான்னு துருவித் துருவி கேட்டாங்க, எக்கோன்னு இதய ஸ்கேன் எடுக்க வெச்சாங்க. நல்ல வேளை இதயம் நல்லா இருந்தது, பிபி மாத்திரைய மட்டும் மாத்தினாங்க. எக்கோ ரிசல்ட் வர வரைக்கும் எனக்கு கை கால் ஓடல.

குடியாத்தம் மருமகள்:
அக்கா உங்களுது படிச்சதும் எங்க மாமனார் ஞாபகம்தான் வந்தது. சுகருக்கு கிளிமிபிரைட் சாப்பிடறவரு. எங்க மாமியாருக்கு எப்பவோ எழுதின பழைய சீட்ட எடுத்துக்கினு போய் ஃப்ளூகோனசோல் 150ன்னு பூஞ்சைக் கிருமிக்கான மாத்திரை வாங்கிட்டு வந்தாரு, மாமியாருக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினது, இவரு தினம் ஒண்ணுன்னு 3 நாள் போட்டுட்டாரு. நாலாவது நாள் விடிகாலைல பனியன் நனைஞ்சி சொட்டுது, கை நடுங்குது, என்னைய பாத்து யாருன்னு கேக்கறாரு. வீட்ல மெஷின் இருந்தது, குத்திப் பாத்தா சுகர் 48. சக்கரை தண்ணி கரைச்சி குடுத்து தெளிஞ்சாரு, சரி ஆயிடுச்சேன்னு விட்டோம், சாயங்காலம் மறுபடியும் இறங்கிடுச்சி, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஃப்ளூகோனசோல் அந்த சுகர் மாத்திரைய உடம்பு கழிச்சி தள்ள விடாம பிடிச்சி வெச்சிக்குமாம், அதுவும் ஒரு நாள்ல போற மருந்து இல்ல, நிறுத்தின அப்புறமும் சில நாள் உடம்புல இருக்கும். ரெண்டு ராத்திரி படுக்க வெச்சி குளுக்கோஸ் ஏத்தினாங்க. அடுத்தவங்க சீட்டுக்கு மாத்திரை வாங்கறது எங்க தெருவுல எல்லா வீட்லயும் நடக்குது, அதான் எழுதறேன்.

காட்பாடி மெடிக்கல்:
நான் 11 வருஷமா மெடிக்கல்ல நிக்கிறவன், உள்ள இருந்து பாக்கறத சொல்றேன். "அண்ணா அரிப்புக்கு ஒரு ட்யூப், கூட 4 மாத்திரை"ன்னு கேக்காத நாளே கிடையாது. அந்த ட்யூப்ல பாதிக்கு மேல க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்தது. தடவின ரெண்டாம் நாளே அரிப்பு நிக்கும், ஆனா கிருமி சாகாது, தோலுக்குள்ள நல்லா வேர் விட்டு பரவும், தோல் மெலிஞ்சி தொடையில வரி வரியா தழும்பு விழும், அது போகவே போகாது. அதுக்கப்புறம் டாக்டர் பாத்தா கூட படர்தாமரைன்னு சட்டுன்னு அடையாளம் தெரியாத மாதிரி உருவம் மாறிடும். இப்போ நம்ம நாட்ல பரவுற கிருமிக்கு 2020ல தனியா பேரே வெச்சிட்டாங்க, ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு, டெர்பினாஃபின் மாத்திரைக்கே நிறைய பேருக்கு அது அடங்க மாட்டேங்குது. 4 மாத்திரை சாப்பிட்டு அரிப்பு நின்னதும் விட்டுட்டு மறு மாசம் வந்து நிப்பாங்க, இத்தனைக்கும் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அட்டையிலயே இருக்கு. நான் சீட்டு கேட்டா பக்கத்து கடைக்குப் போறாங்க. போகட்டும், நான் குடுக்கறதில்ல. கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டின் சாப்பிடறவங்க இட்ராகோனசோல் கூட சேத்து போடவே கூடாது, சதை கரைஞ்சி கிட்னி வரைக்கும் போகும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களும் டாக்டர் கிட்ட மறக்காம சொல்லிடுங்க, ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிடும்.

ஆற்காடு தம்பி:
எனக்கு கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகி தடிச்சி போச்சு, நகத்த வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பி பூஞ்சைதான்னு உறுதி பண்ணிட்டு டெர்பினாஃபின் 250, தினம் ஒண்ணு 12 வாரம்னு குடுத்தாங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லிவர் டெஸ்ட்டும் எடுத்தாங்க. அஞ்சாவது வாரம் நாக்குல ருசியே போச்சு. எங்க ஊர் மக்கன் பேடாவ வாயில வெச்சா வெறும் மாவு மாதிரி இருக்கு, சோறு துன்னவே பிடிக்கல, 4 கிலோ இறங்கிட்டேன். பரீட்சை டென்ஷன்னு நினைச்சி 3 வாரம் யார் கிட்டயும் சொல்லல, அப்புறம் அம்மாதான் மாத்திரை சீட்டுல இருந்தத படிச்சிட்டு கேட்டாங்க. டாக்டர் உடனே நிறுத்திட்டாரு. ருசி திரும்ப வர ரெண்டு மாசம் ஆச்சு, மொதல்ல புளிப்பு வந்தது, அப்புறம் உப்பு. யாருக்காவது இப்படி ஆனா காத்திருக்காதீங்க, அன்னைக்கே சொல்லிடுங்க.

வாணியம்பாடி:
என் தங்கச்சிக்கு கல்யாணம் ஆகி 2 மாசம், வயிறு பூரா படை. இட்ராகோனசோல் எழுதறதுக்கு முன்னாடி டாக்டர் நாள் தள்ளியிருக்கான்னு கேட்டிருக்காங்க, இவ வெக்கப்பட்டு இல்லன்னுட்டா. கடைக்குப் போற வழியில எனக்கு போன் பண்ணி அழுதா. திரும்ப இட்டுக்கினு போய் டெஸ்ட் பண்ணா பாசிட்டிவ். மாத்திரை வேணாம்னுட்டு தடவற மருந்து மட்டும் குடுத்தாங்க. வீட்ல மாமியார் முன்னாடி கேட்டா எந்தப் பொண்ணு வாய தொறந்து சொல்லும், கூட போறவங்க கொஞ்சம் வெளிய நிக்கணும்.

ஆம்பூர் அக்கா:
வாணியம்பாடி சொன்னது ரொம்ப சரி, எனக்கு இது தோணவே இல்ல. ஆற்காடு தம்பி, உடம்பு தேறிடுச்சா பா? காட்பாடி அண்ணன் சொன்னத இவருக்கு படிச்சி காட்டினேன், பீரோவுல ஒளிச்சி வெச்சிருந்த ரெண்டு ட்யூப அவரே எடுத்து போட்டாரு. இப்போ வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு மஞ்சப் பையில போட்டு வெச்சிருக்கேன், எந்த டாக்டர் கிட்ட போனாலும் அத அப்படியே மேசைல கொட்டிடுவேன். அவரு துண்டு, லுங்கி தனி, வெந்நீர்ல துவைச்சி வெயில்ல காய போடறேன், பெரியவனுக்கும் இடுப்புல லேசா வந்திருந்தது, அவனுக்கும் சேத்து வைத்தியம் நடக்குது. படை மறைஞ்சி 10 நாள் ஆகுது, ஆனாலும் டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம் நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. கண்ணு மஞ்சளானா, மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போனா, வாந்தி வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு ஓடி வரணுமாம், தினம் காலைல அவரு கண்ண இழுத்துப் பாக்கறேன். புதன்கிழமை லிவர் டெஸ்ட் இருக்கு, ரிசல்ட் வந்ததும் எழுதறேன்.