1908-ஆம் ஆண்டு ப்ளூத்னர் கிராண்ட் பியானோவை வாங்கிச் சீரமைக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியத்தின் ஏழாம் தரத்தை முடித்துவிட்டு எட்டாம் தரத்துக்குப் பயிற்சி செய்கிறாள். இதுவரை எங்கள் வீட்டில் இருப்பது தந்திகள் செங்குத்தாக நிற்கும் ஒரு சாதாரண அப்ரைட் பியானோதான். எங்கள் தெருவில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் பிள்ளைகள், அவருடைய 190 செ.மீ. ப்ளூத்னர் கிராண்ட் பியானோவை 3,500 பவுண்டுக்குத் தர முன்வந்திருக்கிறார்கள். வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1908-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் செய்யப்பட்டது.

மகள் அதில் பத்து நிமிடம் வாசித்தாள். மேல் ஸ்தாயியில் எழுந்த ஒலி, கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை காற்றில் நின்றது. அதன்பின் வேறெந்தப் பியானோவையும் பார்க்க அவள் வர மறுக்கிறாள். ஆனால் குறைகளும் உள்ளன. தந்திகளில் துரு ஏறியிருக்கிறது, நடு ஸ்தாயியில் சில சுரங்கள் சுருதி விலகி ஒலிக்கின்றன, தந்திகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு தெரிகிறது. கட்டைகளின் மேல் உள்ளது தந்தம். இரண்டு கட்டைகளில் அது பெயர்ந்துவிட்டது. இதை வாங்கலாமா, அல்லது இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து முப்பது ஆண்டுப் பழைய யமஹா ஒன்றை வாங்குவது அறிவுடைமையா? ஓய்வு பெற்றபின் சென்னைக்குத் திரும்பும் எண்ணம் இருப்பதால், அப்போது இதையும் எடுத்துச் செல்ல முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

பியானோ சீரமைப்புப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை அச்சுறுத்தும் வெடிப்பு எனக்குக் கவலை தரவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் கவலை தருகிறது. பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள் உள்ளன. அவை சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். அதை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது என்றாலும், ஒவ்வொரு தந்தியின் சுருதியும் நிற்பது ஒரு மரக்கட்டையில் இறுக்கமாக இறங்கியிருக்கும் எஃகு முளையின் பிடியில்தான். வீணையின் பிருடை தளர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இங்கும் அதுவேதான், ஆனால் பிருடையைப் போல அழுத்தித் திருகிச் சரிசெய்ய இயலாது. நூறாண்டுப் பழைய, வீட்டின் மைய வெப்பமூட்டலில் உலர்ந்த மரம் அந்தப் பிடியை இழந்திருக்கலாம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு ட்யூனரை (பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை) அழைத்து, முளைகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். சில முளைகள் மட்டும் தளர்ந்திருந்தால் அடுத்த பருமனில் புதிய முளைகளை இறக்கலாம். முளைகள் இறங்கியிருக்கும் மரக்கட்டையே பிளந்திருந்தால், அதை மாற்ற எல்லாத் தந்திகளையும் கழற்றிச் சட்டத்தையே தூக்க வேண்டும். அந்த நிலையில் 3,500 பவுண்டு என்பது தொடக்கச் செலவு மட்டுமே.

ஒலிப்பலகையைப் பொறுத்தவரை, கீழே படுத்து விளக்கடித்துப் பாருங்கள். அது நடுவில் சற்று மேலெழுந்து வளைந்திருக்க வேண்டும். தந்திகள் தம்மைத் தாங்கும் குதிரையை அழுத்த, குதிரை பலகையை அழுத்த, பலகை அந்த அழுத்தத்துக்கு எதிராக நிமிர்ந்து நிற்பதால்தான் ஒலி உயிர்பெறுகிறது. பலகையின் அடியிலுள்ள விலாச் சட்டங்களில் நீளமான ஒன்றின் வழியே, முனையிலிருந்து முனைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரிந்தால் வளைவு மிச்சமிருக்கிறது. வெடிப்பின் ஓரம் விலாவிலிருந்து பிரிந்து அதிர்ந்தால் ஒட்டிச் சரிசெய்யலாம். அதிரவில்லை என்றால் அப்படியே விடலாம்.

உங்கள் மகள் கேட்ட அந்த ஒலிக்கும் ஒரு காரணம் உண்டு. ப்ளூத்னர் 1873-இல் காப்புரிமை பெற்ற அலிகாட் முறையில், மேல் ஸ்தாயிச் சுரங்களுக்கு மூன்று தந்திகளோடு நான்காவதாக ஒன்றும் இருக்கும். தந்திகளை அடிக்கும் சுத்தியல் அதைத் தொடாது, மற்றவை அதிரும்போது தானும் அதிரும். நம் சிதாரின் தரப் தந்திகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஓர் எச்சரிக்கை. விரலின் அழுத்தத்தைக் கட்டையிலிருந்து சுத்தியலுக்குக் கொண்டு செல்லும் பொறியமைப்பை ஆக்‌ஷன் என்பார்கள். அந்தக் காலத்து ப்ளூத்னர் பலவற்றில், இன்று ஏறக்குறைய எல்லா கிராண்ட் பியானோக்களிலும் உள்ள, 1821-இல் பிரெஞ்சுப் பியானோ தயாரிப்பாளர் எரார் வகுத்த, கட்டை முழுதாக மேலெழும் முன்பே அதே சுரத்தை மீண்டும் அடிக்க விடும் இரட்டை விடுவிப்பு ஆக்‌ஷன் கிடையாது. அவர்களின் சொந்த ஆக்‌ஷன்தான் 1920-கள் வரை பலவற்றில் இருந்தது. நன்றாகச் சரிசெய்தால் விரலுக்கு மிக மென்மையாக இருக்கும். ஒரே சுரத்தை அதிவேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் இடங்களில் சற்றுப் பின்தங்கும். அதைப் பழகிய கைகளால் பராமரிக்கக்கூடிய ட்யூனர்களும் குறைவு. வாங்குவதற்கு முன் இது எந்த ஆக்‌ஷன் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். பெர்லினில் 1899-இல் செய்யப்பட்ட பெக்ஸ்டைன் பியானோ ஒன்றை ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கி ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். புதிய தந்திகள், புதிய சுத்தியல்கள், கண்ணாடி போன்ற மெருகு எல்லாம் முடிந்து வந்த நாளில் உட்கார்ந்து வாசித்தேன். நான் காதலித்து வாங்கிய குரல் அதில் இல்லை. பழைய பியானோக்களின் சுத்தியல்கள் இலகுவானவை. அவற்றுக்குப் பதிலாகக் கனத்த, கெட்டியான நவீன சுத்தியல்களைப் பொருத்தியிருந்தார்கள். கட்டைகள் கனத்தன, ஒலி உலோகம்போல் கூர்மையானது. இரண்டாவது ட்யூனர் சுத்தியல்களின் கம்பளியை ஊசியால் மணிக்கணக்கில் குத்தி மென்மையாக்கினார். பாதி குரல்தான் திரும்பியது. ஆகையால் பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை பாகங்களை மாற்றுவீர்கள் என்பதல்ல. எவற்றை மாற்றாமல் விடுவீர்கள், புதிய சுத்தியல்களின் எடையை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேளுங்கள். மரச்சட்டத்தின் மெருகுக்கு இப்போது ஒரு பைசாகூடச் செலவிட வேண்டாம்.

யமஹாவைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். தேர்வு நெருங்கும் பிள்ளைக்கு, சுருதி விலகாத கருவி பெரிய உதவி. ஆனால் அவளுக்கு அந்த ஒலி இவ்வளவு பிடித்துவிட்டது என்றால், அதையும் ஒரு காரணமாக நான் எண்ணுவேன்.

மறுமொழி 3

தந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரிட்டனில் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ள தந்தச் சட்டத்தின்படி, 1975-க்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் 20 விழுக்காட்டுக்கும் குறைவான தந்தம் உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. விற்பனைக்கு முன் விற்பவர் அதைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவைக் காட்டச் சொல்லுங்கள். சென்னைக்கு எடுத்துச் செல்வது தனிப் பிரச்சினை. அழிவுநிலை உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் அனுமதி இரு நாடுகளிலும் வேண்டும். இந்தியாவில் தந்த வணிகமே தடைசெய்யப்பட்டது. அனுமதி இல்லாமல் வரும் பெட்டி சுங்கத்தில் நின்றுவிடும். அதோடு கடற்கரை நகரின் ஈரப்பதமும் அந்துப்பூச்சியும் இவ்வளவு பழைய மரத்துக்கும் கம்பளிக்கும் நல்லதல்ல. இக்கருவியை வாங்கினால் லண்டனில் வாசிக்கவே வாங்குங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஒரு ட்யூனர் வந்து இரண்டு மணி நேரம் பார்த்தார். முளைகளில் பெரும்பாலானவை நன்றாகப் பிடிக்கின்றன. மந்திர ஸ்தாயியில் பதினொன்று மட்டும் தளர்ந்துள்ளன. ஒலிப்பலகையில் வளைவு இருக்கிறது. நூலைப் பிடித்துப் பார்த்தது என் மகள்தான். ஆக்‌ஷன் ப்ளூத்னரின் சொந்த வகை என்றும், அதைச் சரிசெய்யத் தாம் பழகியிருப்பதாகவும் அவர் சொன்னார். தளர்ந்த முளைகளை மாற்றி, சுத்தியல்களைத் தொடாமல், ஓராண்டு வாசித்துப் பார்த்தபின் மற்றதை முடிவுசெய்யலாம் என்பது அவர் கருத்து. குடும்பத்தினர் தந்தப் பதிவை முடித்ததும் 3,000 பவுண்டுக்கு வாங்குவதாகப் பேசியிருக்கிறோம்.