பையனும் நானும் ஒரே பட்டறையில்: எதை அவன் கையில் விடுவது?

கேள்வி | காவிரிக்கரை
சுவாமிமலைப் பக்கம் விக்கிரக வார்ப்புப் பட்டறை. பையன் டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக என்னோடு உட்காருகிறான். கை நன்றாக வந்துவிட்டது, பக்கத்தில் இருந்து பார்த்தாலே மனசு நிறைகிறது. ஆனால் அவன் முடித்ததை ஒருமுறை தொட்டுத் திருத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை. அவன் முகம் சுருங்கிப்போகிறது. ஒன்றரை அடி அம்மன் ஆர்டர் ஒன்றை முழுசாக அவனிடம் விடலாமென்று இருக்கிறேன். எங்கே தலையிடலாம், எங்கே கூடாது?

பதில் | மெழுகுக்கை
சொல்ல வேண்டியதை மெழுகிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். மெழுகில் செய்த உருவத்தின்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த அச்சில்தானே உலோகம் ஊற்றுகிறோம். மண் பூசிய பிறகு சொன்னால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது, வருத்தம்தான் மிச்சம்.

சிலை உயரத்துக்கு நறுக்கி, மடிப்புகளால் பங்கு குறிக்கும் அளவு ஓலையை அவனே மடிக்கட்டும், நீங்கள் ஒரே ஒரு தடவை பாருங்கள். அம்மனுக்கு மத்திம தசதாளம் என்ற சிற்ப அளவு, அதாவது மொத்த உயரம் 120 பங்கு. ஒன்றரை அடிக்கு ஒரு பங்கு சுமார் 3.8 மி.மீ. வரும். கிரீடமும் பீடமும் இதில் சேராது. சிவனுக்கு மடித்த 124 பங்கு ஓலை பட்டறையில் கிடந்தால் எடுத்து ஒளித்துவையுங்கள், அவசரத்தில் அதுதான் கைக்கு வரும்.

மெழுகுக் கலவைக்குத் தேன்மெழுகு 4, குங்கிலியம் 4, கடலை எண்ணெய் 1 என்ற விகிதம். வெயில் காலத்தில் எண்ணெயைக் குறைக்கணும். குங்கிலியம் கூடினால் விரல் நுனி ஒடியும், எண்ணெய் கூடினால் நீட்டிய கை தொங்கிவிடும். கலவை அவன் கைக்குத் தோதாக இருந்தால் போதும், உங்கள் பதம்தான் வேண்டுமென்று நிற்காதீர்கள்.

பதில் | உலைமேடு
மெழுகோடு நிறுத்தினால் எப்படி? இரண்டு ஆள் கட்டாயம் வேண்டிய வேலை ஊற்றுவதுதான். அதில் உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையை அவன் பிடிக்கட்டும், நீங்கள் கசடு ஒதுக்கும் குச்சியைப் பிடியுங்கள். ஊற்றும்போது ஒரே குரல்தான் இருக்கணும், அது மூசை பிடிப்பவன் குரல். இருவரும் கத்தினால் தாரை அறுந்துவிடும். அறுந்து மறுபடி ஊற்றிய இடம் ஒட்டாது, கோடு விழும்.

முன்வேலையில் கவனம்: முதல் பூச்சு நைசாக அரைத்த வண்டலும் உமிக்கரியும், மெலிசாக, நிழலில்தான் காயணும். அதன்மேல் மணல் கலந்த களிமண், பிறகு கம்பிக்கட்டு. உலோகம் உள்ளே இறங்குவதற்கு மெழுகில் வைக்கும் வாய்க்காலோடு சேர்த்து மெழுகை மண் பூசுவதற்கு முன்பே எடை போட்டு, பத்து மடங்கு உலோகம் உருக்குங்கள். மெழுகு 1.6 கிலோ என்றால் 16 கிலோ. சரியாகப் பார்த்தால் எட்டரை மடங்கே போதும், மீதி வாய்க்காலின் தலையில் நிற்கவும் உருக்கும்போது எரிந்து போவதற்கும்.

மெழுகு முழுசாக வெளியேறாவிட்டால் வார்ப்பில் புரை, அதாவது ஓட்டை விழும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் வரைக்கும் உலோகம் இறங்காது. ஈரம் இருந்தால் உலோகம் திருப்பி அடிக்கும். இந்த ஒன்றில் மட்டும் அப்பாவாக இல்லாமல் மேஸ்திரியாக நின்று, "இன்றைக்கு ஊற்றக்கூடாது" என்று சொல்லலாம்.

காவிரிக்கரை
மூசையையும் கொடுத்துவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். முகம் செதுக்குவதை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?

பதில் | மெழுகுக்கை
அதை எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான். பயமாக இருந்தால் மெழுகிலேயே மூக்கு, உதடு, இமையில் அரை மி.மீ. தசை, அதாவது கூடுதல் கனம் விடச் சொல்லுங்கள். செதுக்கியதை ஒட்டமுடியாது, விட்டதைப் பிறகு எடுக்கலாம். வார்ப்பை அரத்தால் ராவுவதை முடித்து, நகை, உடுப்பு மடிப்பெல்லாம் செய்து உளி கைக்குப் பழகிய பிறகு கடைசியாக முகம்.

பதில் | உலைமேடு
ஆர்டர் கொடுத்தவர் வந்து "யார் செய்தது?" என்றால் "நாங்கள்" என்று மழுப்பாமல் பையன் பெயரைச் சொல்லுங்கள். இந்த ஒரு விக்கிரகத்தின் கூலியை வீட்டுச் செலவில் கலக்காமல் அவன் கையில் கொடுங்கள்.

அப்புறம், அவன் வீட்டுக்குப் போன பிறகு விளக்கைப் போட்டு உட்காராதீர்கள். எந்த உளி பட்டிருக்கிறதென்று காலையில் வந்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும்.