6700417 முதன்மை எண்ணா? கையால் நிறுவ வழி வேண்டும்

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தங்கைக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். 2இன் 32ஆம் வலுவோடு 1ஐக் கூட்டினால் 4294967297. இதை முதன்மை எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார்; 1732இல் ஒய்லர் 641ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். அது சரி, வகுத்தும் பார்த்தேன். மிஞ்சுவது 6700417. அதில்தான் சிக்கல்.

கல்குலேட்டர் அதை அடைப்புக்குறிக்குள் காட்டி நின்றுவிடுகிறது. மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட காரணிகளை அது தேடாது. 6700417இன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும். ஞாயிறிலிருந்து 1009, 1013 என்று வகுத்து 1300ஐத் தாண்டிவிட்டேன், மீதி வராமல் ஒன்றும் போகவில்லை. (மழைக்கு மின்சாரமும் போய், மெழுகுதிரி வெளிச்சத்தில்!) இதன் காரணிகள் 64k+1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) வரும் என்று ஒரு நண்பர் சொன்னார், காரணம் சொல்லத் தெரியவில்லை.

அந்த 64k+1 ஏன் என்று உயர்தர மாணவிக்குப் புரியும்படி யாராவது நிறுவிக் காட்ட முடியுமா?