கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகளைக் கேட்க எந்தக் கையடக்க இசைக் கருவி பொருத்தமாக இருக்கும்?

குடமுருட்டி:

அனைவருக்கும் வணக்கம். 78 வயதான என் தந்தையாருக்கு ஒரு கையடக்க இசைக் கருவி வாங்க வேண்டும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில் உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்.

வானொலியிலிருந்தும் கோயில் திருவிழாக்களிலிருந்தும் அவர் பல ஆண்டுகளாகக் கேசட்டுகளில் பதிந்து வைத்த கச்சேரிகள், நாகஸ்வர வாசிப்புகள், உபன்யாசங்கள் அனைத்தையும் சென்ற ஆண்டு கணினிக்கு மாற்றி முடித்தோம். ஒரு பகுதி எம்பி3 கோப்புகளாகவும், மற்றவை சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகவும் இருக்கின்றன. மொத்தம் ஏறக்குறைய 90 ஜிபி வருகிறது. பல கோப்புகள் ஒன்றரை மணி நேரம் வரை ஓடக்கூடியவை. பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்து கேட்பதுதான் அவர் வழக்கம்.

கைப்பேசியில் கேட்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஆலாபனை நடுவில் அழைப்பு வந்து அறுத்துவிடுகிறது. தொடுதிரையும் அவருடைய உலர்ந்த விரலுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ஆறாயிரம் ரூபாய் வரை செலவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆனால் விசாரித்த கடைகளில் எல்லாம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஒலித் துல்லியத்தைக் குறிக்கும் எண்களைச் சொல்லி, அதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள கருவிகளையே காட்டுகிறார்கள். அவ்வளவு தேவைதானா? கோப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில் இருப்பதால் அவை திரையில் சரியாகத் தெரியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒலிக்கூடம்:

வணக்கம். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், உங்கள் முதல் ஐயத்திற்கு உறுதியாகவே பதில் சொல்கிறேன்: அந்த எண்களுக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

காரணம் மூலத்திலேயே இருக்கிறது. இரைச்சல் குறைப்பு வசதியில்லாமல் சாதாரணக் கேசட்டில் பதிந்த ஒலியில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி 60 டெசிபெலைத் தாண்டுவது அரிது. சிடி பயன்படுத்தும் 16 பிட் முறையோ 96 டெசிபெல் வரை தாங்கும். அதிலும் மத்திய அலை வானொலியிலிருந்து பதிந்தவை என்றால் உயர்ந்த அதிர்வெண்கள் ஒலிபரப்பின்போதே வெட்டப்பட்டுவிட்டன. மூலத்தில் இல்லாத ஒன்றை எந்தக் கருவியாலும் பிற்பாடு சேர்க்க முடியாது. ஆகவே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் உங்கள் தொகுப்புக்குப் போதும் என்பது மட்டுமன்று, தேவைக்கு மிகுதியும்கூட.

வேவ் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளாமல் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் கோப்பு ஏறக்குறைய 635 எம்பி இடத்தைப் பிடிக்கும். ஃபிளாக்கில் அது பெரும்பாலும் பாதியளவுக்கு இறங்கும், ஒலியில் ஓர் இம்மியும் குறையாது. வானொலி நிகழ்ச்சிகள் மோனோவாகவே ஒலிபரப்பப்பட்டிருந்தால் அவற்றை மோனோவாகவே சேமியுங்கள்; இடம் இன்னும் பாதியாகும். அதோடு, கேசட்டின் ஒரு தடத்தில் மட்டும் ஒலி மங்கியிருந்தால் ஒரு காதில் உரத்தும் மறு காதில் மெலிந்தும் கேட்கும் தொல்லையும் தீரும். முதியவர்களுக்கு இரு காதுகளின் கேட்புத் திறனும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, கடைக்காரர் சொல்லாமல் விடும் செய்திகளைத்தான். நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி அவற்றுள் முதலாவது. பல மலிவான கருவிகள் கடைசியாகக் கேட்ட ஒரே கோப்பின் இடத்தை மட்டும் நினைவில் வைக்கும். உங்கள் தந்தையார் பகலில் உபன்யாசத்தைப் பாதி கேட்டுவிட்டு இரவில் நாகஸ்வரத்துக்கு மாறினால், மறுநாள் உபன்யாசம் தொடக்கத்திலிருந்துதான் வரும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இடத்தைக் குறித்து வைக்கும் கருவியாகப் பாருங்கள்.

அடுத்தது, இடைவெளியின்றி ஒலிப்பது. ஆலாபனையும் கீர்த்தனையும் இரு வேறு கோப்புகளாக வெட்டப்பட்டிருந்தால், எம்பி3 வடிவம் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சேர்க்கும் சிறு மௌனத்தால், தம்புரா ஸ்ருதி ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடங்கும். சினிமாப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கோ ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஃபிளாக்கில் அந்த மௌனம் கோப்புக்குள் சேர்வதில்லை என்றாலும், கருவி ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் திறக்கத் தாமதித்தால் அங்கேயும் அறுபடும். அத்தகைய பகுதிகளை ஆடாசிட்டி மென்பொருளில் ஒட்டி ஒரே கோப்பாக்கிவிடுவதே நிலையான தீர்வு. டேப்பைத் திருப்பிப் போட்ட நேரத்தில் பதியாமல் போன சங்கதிகளை மட்டும் யாராலும் மீட்க முடியாது.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை, பொத்தான்கள் உள்ள சிறு கருவிகளில் பெரும்பாலானவை ஏமாற்றவே செய்யும். தமிழ் எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் அவற்றில் இருப்பதில்லை. ‘தோடி’ என்பதில் தகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் தள்ளப்பட்டு, புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். எழுத்துருவே இல்லாதவற்றில் வெறும் கட்டங்கள்தாம். கேசட் உறைகளின் மேல் உங்கள் தந்தையார் எண் இட்டிருந்தால் அதே எண்களையே கோப்புப் பெயர்களாக வைத்து, பாடியவர், ராகம், ஆண்டு ஆகிய விவரங்களைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு ஒரு குறிப்பேடாகக் கொடுங்கள். சிறு திரையை உற்றுப் பார்ப்பதைவிட அது அவருக்கு எளிதாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டையே கொண்டுபோய், ஒன்றரை மணி நேரக் கோப்பு ஒன்றை அதில் ஓடவிட்டு, எழுபதாவது நிமிடத்துக்குத் தாவிப் பாருங்கள். சில கருவிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடி நொடியாகத்தான் நகரும். அங்கே போய்ச் சேர்வதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பாலாற்றுத் தம்பி:

ஒலிக்கூடம் ஐயா கூறியவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் புதிய கருவி வாங்குவதற்கு முன்னால், வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்றைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிம் கார்டை எடுத்துவிட்டு விமானப் பயன்முறையில் வைத்துவிட்டால் அழைப்பும் வராது, அறிவிப்பும் வராது. ஆண்ட்ராய்டில் தமிழ் பிழையின்றித் தெரியும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கும் விஎல்சி போன்ற செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபிளாக் கோப்புகளும் தடையின்றி ஓடும்.

தொடுதிரைச் சிக்கலுக்கும் வழி உண்டு. கம்பியில் பொத்தான்கள் வைத்த இயர்போனை வாங்கினால், நிறுத்துவதையும் தொடர்வதையும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதையும் திரையைத் தொடாமலே செய்யலாம். காலையில் நீங்கள் கச்சேரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவருக்குத் திரை தேவைப்படாது. ஆறாயிரம் ரூபாயில் பெரும்பகுதியை நல்ல ஹெட்போனுக்குச் செலவிட்டால் ஒலியில் தெரியும் முன்னேற்றம் அதிகமாக இருக்கும்.

குடமுருட்டி:

இருவருக்கும் நன்றி. பழைய கைப்பேசி யோசனை சிக்கனமானதுதான். ஆனால் தினமும் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிலை அவருக்கு உகந்ததன்று. தானே தேடி எடுத்துக் கேட்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. முன்பு வாக்மேனை இருட்டில்கூட விரலால் தடவியே இயக்குவார். ஆகவே பொத்தான்கள் உள்ள கருவியையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கேசட்டுகளில் அவர் எண் இட்டிருக்கிறார் என்பதால் குறிப்பேட்டு யோசனை மிகவும் பொருந்தும். உறவினர் ஒருவர் பழைய ஐபாட் கிளாசிக் வாங்கலாம் என்கிறார். அதைப் பற்றியும் சொல்ல இயலுமா?

நாட்டைக்குறிஞ்சி:

ஐபாட் கிளாசிக் அருமையான கருவி. அதன் சக்கரத்தைச் சுழற்றி நீண்ட பட்டியலில் தேடுவதற்கு இணையான வசதி இன்றும் குறைவு. ஆனால் 2014ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனை நின்றுவிட்டது. 2022இல் ஐபாட் டச்சும் நின்றதோடு ஐபாட் வரிசையே முடிவுக்கு வந்தது. இப்போது கிடைக்கும் கிளாசிக்குகளில் பேட்டரியும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கும் வயதானவை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழுது பார்க்க ஆள் தேடலாம் என்றாலும், மூத்தவர் ஒருவர் அன்றாடம் நம்பிப் பயன்படுத்தும் பொருளாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஃபிளாக்கையும் படிக்காது. ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் வழியாகத்தான் பாட்டுகளை ஏற்ற வேண்டும்.

சோனி வாக்மேன் என்.டபிள்யூ-ஏ306 போன்றவற்றில் பக்கவாட்டில் நல்ல பொத்தான்கள் இருந்தாலும் அடிப்படையில் அவை ஆண்ட்ராய்டு தொடுதிரைக் கருவிகள். விலையும் உங்கள் எல்லையைக் கடந்தது. சான்டிஸ்க் கிளிப் பிளஸ் உங்கள் தேவைக்கு மிக நெருக்கமாக வந்த ஒன்று. ஒலிநூல்களுக்கான கோப்புறையில் இடும் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்திய இடத்தை அது தனித்தனியே நினைவில் வைத்தது. ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை அதில் நிறுவினால் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதியும் கிடைத்தது. இப்போது அது பழைய பொருளாக மட்டுமே கிடைக்கும் என்பதால் அதே இயல்புகளைப் புதிய பொத்தான் கருவிகளில் தேடுங்கள். ராக்பாக்ஸ் இயங்கும் கருவிகளின் பட்டியலை அதன் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இரண்டு நடைமுறைச் செய்திகள். எளிய கருவிகள் பலவும் கோப்புகளைப் பெயர் வரிசையில் காட்டாமல், கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில்தான் காட்டும். பெயர் வரிசையில் காட்டுபவற்றிலும் 1, 10, 11, 2 என்று குழம்பும். ஆகவே 001, 002 என மூன்று இலக்கமாகப் பெயரிட்டு, மொத்தமாக இழுத்துப் போடாமல் வரிசைப்படி ஒவ்வொரு கோப்புறையாக நகலெடுங்கள். குறிப்பேட்டின் எண்ணும் கருவியின் வரிசையும் ஒத்துப்போனால்தான் உங்கள் தந்தையாரால் தாமே தேடி எடுக்க முடியும்.

கார்டு வாங்கும் முன் கருவி எவ்வளவு கொள்ளளவு வரை ஏற்கும் என்று பாருங்கள். 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஒரு வகையைச் சேர்ந்தவை. 64 ஜிபியிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் வருகின்றன, பழைய வடிவமைப்பில் உள்ள கருவிகள் அதைப் படிக்காமல் போகலாம். சந்தையில் போலிக் கார்டுகளும் ஏராளம். 128 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 அல்லது 16தான் இருக்கும். நிரம்பியபின் எழுதுபவை எல்லாம் ஓசையின்றி அழியும். வாங்கியவுடன் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். கருவியில் இருப்பது நகலாக மட்டுமே இருக்கட்டும். மூலக் கோப்புகள் இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்க வேண்டும். திருவிழாவில் வாசித்ததை அவர் பதிந்த கேசட் உலகில் வேறெங்கும் இருக்காது.

ஒலிக்கூடம்:

நாட்டைக்குறிஞ்சி சொன்ன கடைசிச் செய்தியை நானும் வழிமொழிகிறேன். காதில் மாட்டுவதைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். காதுக்குள் செருகும் வகையைவிட, காதை மூடி அமரும் இலகுவான ஹெட்போன் முதியவர்களுக்கு வசதியாக இருக்கும். சிறு கருவிகளின் திறன் குறைவு என்பதால் மின்தடை 16 முதல் 32 ஓம் வரையுள்ளதை வாங்குங்கள். 250 ஓம், 300 ஓம் என்று ஒலிக்கூடங்களுக்காகச் செய்தவற்றை மாட்டினால், ஒலியை முழுதும் கூட்டிய பின்னும் பாடுபவர் எங்கோ தொலைவில் இருப்பதுபோலவே கேட்கும். புதிய கருவிகள் சிலவற்றில் 4.4 மி.மீ. துளையும் உண்டு; சாதாரண ஹெட்போனுக்கு 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்கும் அளவைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். கேசட் தொகுப்பில் ஆபத்து எங்கே வரும் என்றால், மெல்லப் பதிந்த உபன்யாசத்துக்காகக் கூட்டி வைத்த ஒலியிலேயே அடுத்து நாகஸ்வரமும் தவிலும் தொடங்கும்போதுதான். எல்லாக் கோப்புகளின் ஒலியளவையும் கணினியிலேயே சமன்படுத்திவிட்டுக் கார்டில் ஏற்றுங்கள். அதோடு, உச்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் வசதி கருவியின் அமைப்புகளில் இருந்தால் கையில் கொடுக்கும் முன்பே அதை அமைத்துவிடுங்கள்.